ஒரே பெயரில் இரண்டு மதுராந்தகர்கள்

நீண்ட தொடர்கதைகளைப் பாகம் பாகமாகப் படித்து வருகிறவர்களுக்கு ஒரு கசப்பு நேர்வதுண்டு. முதல் பாகத்தில் நன்கு பழகிய ஒருவர் கடைசிப் பாகத்தில் யாரோ போல வந்து நிற்பார். பேச்சு மாறியிருக்கும், நெஞ்சம் மாறியிருக்கும், ஏன் மாறினார் என்பது மட்டும் எந்த அத்தியாயத்திலும் இராது. மனிதர் மாறுவது குற்றமன்று. மாறிய வழியைக் கதை காட்டாமல் விடுவதே குறை. இந்தக் குறை தமிழர்கள் பெரிதும் கொண்டாடும் வரலாற்றுப் புனைவாகிய 'பொன்னியின் செல்வ'னின் ஐந்தாம் பாகத்தில் இருக்கிறது என்பது நம் கருத்து. குறைக்கு உள்ளானவர் ஒரு கற்பனைப் பாத்திரம் மட்டுமாக இருந்திருந்தால் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியதில்லை. அவர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் சோழ நாட்டை ஆண்ட ஓர் அரசர். அவர் ஆண்ட நிலத்தில்தான், மரக்காணத்து உப்பளங்களுக்கு அருகில், நாம் குடியிருந்து தமிழ் கற்பித்து வருகிறோம்.

வரலாற்றுப் புதினம் என்ற பெயரைக் கேட்டு அது வரலாற்றுக்கு நெருங்கிய உறவு என்று நினைத்துவிட வேண்டாம். சுரங்க வழிகள், மாறுவேடங்கள், ஆள் மாறாட்டங்கள், வால் நட்சத்திரம் காட்டும் தீக்குறிகள் என்று பார்த்தால் அது மாயக் கதைகளின் தம்பியே. ஆங்கிலத்தில் டோல்கீன் எழுதிய மாயத் தொடரை எடுத்துக்கொள்வோம். 1937இல் வந்த 'ஹாபிட்' முதற்பதிப்பில் கொல்லம் என்னும் குகைவாழ் பிராணி விடுகதைப் போட்டியில் தோற்றபின், பந்தயப் பொருளாகச் சொன்ன மோதிரத்தைக் கொடுக்கவே மனம் கொண்டிருந்தது. அது கிடைக்காமற்போகவே மன்னிப்புக் கேட்டு வெளியேறும் வழியைக் காட்டியது. அடுத்து எழுதிய பெரிய கதையில் அதே மோதிரம் தன்னை வைத்திருப்பவரின் ஆன்மாவையே விழுங்கும் பொருளாக வளர்ந்துவிட்டது. அப்படியானால் பழைய கொல்லம் அதை அவ்வளவு எளிதாகக் கொடுக்க ஒப்பியிருக்க முடியாதே? டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். திருத்திய பதிப்பு 1951இல் வெளிவந்தது.

அதே 1951இல் கல்கி வாரந்தோறும் 'பொன்னியின் செல்வன்' எழுதிக்கொண்டிருந்தார். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, மூன்றரை ஆண்டுகள். வார இதழில் அச்சாகிக் கைமாறிவிட்ட அத்தியாயத்தைத் திரும்பப் பெறும் வசதி அவருக்கு இல்லை. எங்கள் ஊர் அளத்தில் உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டு, வெயிலில் கெட்டிப்படுத்தி, கடைசிப் பாத்தியில் உப்பு எடுப்பார்கள். முதற் பாத்தியில் என்ன நீர் விட்டோமோ அதுதான் கடைசியில் கிடைக்கும். தொடர்கதையும் ஏறத்தாழ அப்படித்தான்.

கல்கிக்கு இந்தச் சங்கடம் புதியதன்று. 'பார்த்திபன் கனவு' 1941 முதல் 1943 வரை வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் கதையான 'சிவகாமியின் சபதம்' பின்னால், 1944 முதல் 1946 வரை வந்தது. முன்னதில் ஒற்றைக் கையோடு வரும் மகா கபால பைரவன், நரபலிக் கூட்டத்தின் தலைவன். அவன்தான் புலிகேசியின் உடன்பிறந்த நீலகேசி என்று கடைசியில் தெரியவருகிறது. பின்னதில் அதே நீலகேசி நாகநந்தி அடிகளாக வருகிறார். அஜந்தாவின் வண்ணங்களில் தோய்ந்தவர், சிவகாமியின் ஆடலில் தம் துறவையே இழந்தவர், சூழ்ச்சியிலும் ஒரு கலைஞனின் நுட்பம் உள்ளவர். தமிழ்ப் புனைகதை கண்ட எதிர்நாயகர்களில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலரே. எழுதப்பட்ட வரிசையில் படித்தால் ஒரு தட்டையான வில்லனிலிருந்து ஒரு முழு மனிதர் பிறந்ததைக் கண்டு மகிழலாம். கதை நடந்த வரிசையில் படிப்பவர் பாடு வேறு. அஜந்தாவின் பிக்ஷு, மண்டையோட்டு மாலை அணிந்த கூத்தாடியாகச் சுருங்கிப் போவதை அவர் பார்க்க வேண்டும். கை போன கதையைக் கல்கி கவனமாகப் பொருத்தி எழுதினார். மனம் போன கதையை எழுதவில்லை. எழுதவும் முடியாது, முந்திய நூல் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

நாகநந்தி கற்பனை. அவருக்காக வழக்காட வரலாற்றில் எவரும் இல்லை. மதுராந்தகனின் நிலை அப்படியன்று.

'பொன்னியின் செல்வ'னின் முதல் பாகத்தில் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டம் யாருக்கும் மறந்திருக்காது. மூடுபல்லக்கின் திரை விலகுகிறது. உள்ளே இருப்பவள் பழுவூர் இளையராணி என்று எண்ணியிருந்த வந்தியத்தேவன் முன், வெளியே வருபவன் மதுராந்தகன். கண்டராதித்தரின் மகன், செம்பியன் மாதேவியின் வளர்ப்பில் சிவபக்தியில் ஊறியவன், சின்னப் பழுவேட்டரையரின் மகளை மணந்த பின் அரியணை ஆசை தலைக்கேறியவன். இவ்வளவையும் கல்கி தொடக்கத்திலேயே தந்துவிடுகிறார். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல முதல் வேறு கிடைக்காது. திருநீறும் மணிமுடியும் ஒரே நெஞ்சில் போராடும் ஒருவன். தாய் ஒரு பக்கம் இழுக்கிறாள், மாமனார் மறு பக்கம் இழுக்கிறார். சிற்றரசர்களுக்கு அவன் ஒரு கருவி, அதுவும் அவனுக்குப் பாதி தெரியும்.

ஆனால் பாகங்கள் செல்லச் செல்ல அந்தப் போராட்டம் வற்றிப்போகிறது. பக்தி காணாமற் போகிறது, ஆசை பதற்றமாக மாறுகிறது, பதற்றம் கோழைத்தனமாக இளைக்கிறது. நான்காம் பாகத்தை எட்டும்போது அவன் பேசும் இடங்களில் ஆசிரியர் நம்மை இரங்கச் சொல்கிறாரா, நகைக்கச் சொல்கிறாரா என்பது விளங்குவதில்லை. ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகர'த்தில் காரணம் தெரிகிறது. இவன் செம்பியன் மாதேவியின் மகனே அல்லன். அவர் பெற்ற குழந்தை இறந்துவிட்டது என்று கருதி ஊமைப் பெண்ணான வாணியிடம் புதைக்கக் கொடுக்கப்பட்டது. உயிரோடிருந்த அந்தக் குழந்தை தஞ்சைத் தளிக்குளத்தார் ஆலயத்துக்குப் பூமாலை கட்டும் சேந்தன் அமுதனாக வளர்ந்தது. அரண்மனையில் வளர்ந்ததோ மந்தாகினி ஈன்ற இரட்டையரில் ஒன்று, நந்தினியின் உடன்பிறந்தது. மதுராந்தகன் என்ற பெயர் சேந்தன் அமுதனுக்குப் போகிறது. அருள்மொழிவர்மர் தம் தலைக்கு வரவிருந்த முடியை எடுத்து அவன் தலையில் வைக்கிறார். அவனே உத்தம சோழன். பழைய மதுராந்தகன் பாண்டியர் பக்கம் போய்ச் சேர்கிறான். பிற்காலத்தில் இராஜராஜனிடம் தோற்ற அமரபுஜங்கன் என்ற பாண்டியன் இவனே என்று கல்கி கணக்கை முடிக்கிறார்.

புதிரை அவிழ்த்த திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். சேந்தன் அமுதன் திடீரென்று முளைத்தவனல்லன். வந்தியத்தேவன் தஞ்சைக்கு வந்த அன்றே அவன் வந்துவிட்டான். செம்பியன் மாதேவிக்கு அவன்மேல் உள்ள பரிவும் முன்பே விதைக்கப்பட்டிருக்கிறது. கதைப் பின்னல் என்ற அளவில் ஓட்டை இல்லை என்றே சொல்வோம். ஆனால் பாத்திரம்? தன்னுள் இரண்டு ஆசைகளைத் தாங்கியிருந்த ஒருவனை ஆசிரியர் இரண்டு உடல்களாகப் பிரித்துவிட்டார். ஆசை முழுவதும் ஒருவனுக்கு, பக்தி முழுவதும் இன்னொருவனுக்கு. இருவரில் எவனும் மாற வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. முதலாமவன் அரியணையை விரும்பினான், கிடைக்கவில்லை. இரண்டாமவன் விரும்பவில்லை, கிடைத்தது. பூக்கூடையை விட்டு வேறெதையும் வேண்டாத ஒருவன், செங்கோலை ஏந்திப் படைகளுக்கும் வரிக்கும் பொறுப்பேற்கும் மனிதனாக எப்படி ஆனான் என்பதற்கு ஓர் அத்தியாயம்கூட இல்லை. அருள்மொழியின் கையசைவு ஒன்றுதான் இருக்கிறது.

இந்த முடிவை எங்கள் பகுதி மாணவர்கள் கொண்டாடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அளத்துக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள், வலை இழுக்கும் வீட்டுப் பிள்ளைகள். கல்கியின் கோடிக்கரை அவர்களுக்கு அந்நியமன்று. உவர்மண், காயல், மாலையில் வீசும் கடற்காற்று எல்லாம் மரக்காணத்திலும் உண்டு. தனியாகப் படகு செலுத்தும் பூங்குழலி சோழ நாட்டுக்கு அரசியாகிறாள் என்ற இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அந்த மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "பூக்கட்டுறவரு ராஜா ஆனாருன்னு சந்தோஷப்பட்டா, கடைசியில அவரு ராஜா பிள்ளைதான்னு சொல்லிட்டாங்களேம்மா?" சரியான இடத்தில் கைவைத்தாள். பூக்காரன் அரசனாகத் தகுதி பெற்றது பண்பினால் அல்ல, பிறப்பினால். அரண்மனையில் வளர்ந்தவன் தகுதி இழந்ததும் பிறப்பினாலேயே. கல்கியின் மேடைப் பேச்சையும் தலையங்கங்களையும் அறிந்தவர்கள் அவர் இப்படி நம்பியவரல்லர் என்பதை ஒப்புக்கொள்வார்கள். கதையின் இயந்திரம் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மாற்றத்தை எழுதாமல் ஆள் மாறாட்டத்தை எழுதினால், குணத்துக்குக் காரணம் சொல்ல இரத்தம் ஒன்றுதான் மிஞ்சும்.

மாறும் மனிதனை எழுதக் கல்கிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதே நூலில் பெரிய பழுவேட்டரையர் இருக்கிறார். முதல் பாகத்தில் அவர் நமக்கு ஒரு கிழட்டுச் செருக்கு. அறுபத்து நான்கு விழுப்புண்களும் இளம் மனைவி மேல் குருட்டு மையலும். ஐந்தாம் பாகத்தில் அவர் தம் தவற்றைச் சபை நடுவே ஒப்புக்கொண்டு தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ளும்போது, அந்த முடிவுக்கு நம்மை ஆசிரியர் அடி அடியாக அழைத்து வந்திருக்கிறார். ஆதித்த கரிகாலனையும் அப்படியே சொல்லலாம். வீரபாண்டியன் தலையை வெட்டிய கணம் அவனை விடாமல் துரத்தி, கடம்பூரில் பிடித்துவிடுகிறது. இந்த இருவரை எழுதிய கைக்கு, ஆசைப்பட்டு, கூசி, பின் ஆண்டு, ஆட்சியால் மெல்ல முதிரும் ஒரு மதுராந்தகனை எழுதுவது கடினமாக இருந்திராது. எழுதாததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அதைக் காண வரலாற்றுச் சான்றுகளுக்குப் போவோம்.

முதலாவது, திருவாலங்காட்டுச் செப்பேடுகள். முதலாம் இராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. ஆதித்தன் விண்ணுலகு சென்றபின் குடிகள் அருள்மொழியை அரசேற்க வேண்டினார்கள் என்றும், தன் சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அவன் மறுத்தான் என்றும் அதன் வடமொழிப் பகுதி கூறுகிறது. உத்தம சோழன் ஆசைப்பட்டான் என்ற செய்தி இப்படித்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, சொல்பவர் யார் என்பது. இராஜராஜனின் மகனுடைய அவைப்புலவர் சொல்கிறார், உத்தம சோழன் மறைந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆனபின் சொல்கிறார். இராஜராஜனைத் துறவுள்ளம் படைத்தவனாகக் காட்ட வேண்டுமானால் எதிரில் ஆசைப்படும் ஒருவன் தேவை. ஒருவன் விட்டுக்கொடுத்தான் என்றால் இன்னொருவன் கேட்டிருக்க வேண்டுமல்லவா?

இரண்டாவது, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு. இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டினது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், பஞ்சவன் பிரமாதிராயனான இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராயனான பரமேசுவரன் முதலியோரைக் குறித்து, அவர்கள் உடைமை பற்றிய நடவடிக்கையைச் சொல்கிறது. கொலைக்கும் இந்த ஆணைக்கும் இடையில் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கிடக்கிறது. இந்த இடைவெளியைக் கண்டு, கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. நமக்குப் பண்டாரத்தார் பக்கமே நியாயம் தெரிகிறது. கல்வெட்டு நிலம் கைமாறுவதைப் பற்றியது. விசாரணை எப்போது தொடங்கியது, தண்டனை எப்போது விழுந்தது என்பதை உரைக்க எழுந்ததன்று. தமையனைக் கொன்றவன் என்று ஐயப்பட்ட ஒருவனுக்கு நாட்டைத் தந்துவிட்டு, அவன் மறையும்வரை அருள்மொழி அமைதியாகக் காத்திருந்தான் என்று நம்பவும் மனம் ஒப்பவில்லை.

கல்கியின் முன் இருந்தவை இவை. செப்பேட்டின்படி அரசனானவன் ஆசைப்பட்டவன். சாஸ்திரியாரின் ஐயத்தின்படி கொலைக் கறை படிந்திருக்கக் கூடியவன். கோயில்தோறும் கல்லில் நிலைத்த புகழின்படி செம்பியன் மாதேவி என்னும் பேரரசியின் அருமை மகன். இம்மூன்றும் ஒருவனிடத்தில் பொருந்துமா? தாயின் தூய்மைக்கு மாசு வராமல், நாயகனின் தியாகம் சிறுத்துப் போகாமல், கறைபட்ட கைக்குச் செங்கோல் போய்விடாமல் கதையை முடிக்க வேண்டும். கறைபட்டவனையே மாற்றி வைத்துவிட்டார். வாரப் பத்திரிகை வாசகர்களை வைத்துப் பார்த்தால் அது இரக்கமுள்ள தீர்வு என்றுகூடச் சொல்லலாம். இழப்பு வரலாற்று உத்தம சோழனுக்கு. முதல் நான்கு பாகங்களில் அவன் பெயரில் ஒரு கோழை உலவினான். ஐந்தாம் பாகத்தில் அவன் பெயர் வேறொருவனுக்குத் தரப்பட்டது. அவன் எந்தப் பாகத்திலும் வரவே இல்லை.

அவன் யார் என்று அறிய மரக்காணத்தில் நின்று பார்ப்பது ஒரு வகையில் வசதி. இது பழைய ஓய்மாநாடு. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணமே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். (அந்த நல்லியக்கோடனும் நமக்கு ஒரு நிறத்தில்தான் கிடைக்கிறான். வள்ளல் எழுவரின் சுமையைத் தனியொருவனாகத் தாங்கியவன் என்று நத்தத்தனார் பாடிவிட்டார். அவன் என்றைக்காவது ஒரு பாணனை வெறுங்கையோடு அனுப்பினானா என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. புகழ்ப்பாட்டில் தலைவன் மாறுவதில்லை. அங்கே அது குறையுமன்று.) ஊரிலுள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஆனால் 10ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்நிலம் சோழர் கையில் உறுதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. 949இல் தக்கோலத்தில் இராஜாதித்தன் வீழ்ந்தபின், கச்சியும் தஞ்சையும் கொண்டதாகப் பெயர் பொறித்துக்கொண்ட இராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்திலும் தென்னார்க்காட்டுப் பகுதியிலும் பரவிக் கிடக்கின்றன. கன்னரதேவன் என்ற பெயரில் அவற்றைக் காணலாம். சுந்தர சோழன் காலத்தில் மீட்பு தொடங்கியது. இளவரசன் ஆதித்தன் காஞ்சியில் இருந்ததும் அதற்காகவே. மீட்ட நிலத்தில் நிருவாகத்தை நிலைநிறுத்தும் வேலை, படை வெற்றியைப் போலப் பாட்டில் இடம்பெறாத அந்த வேலை, உத்தம சோழனுக்கு வாய்த்தது.

அதன் சான்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடுகள். அவனது 16ஆம் ஆட்சியாண்டினவை. கச்சிப்பேட்டு ஊரகத்துத் திருமால் கோயிலின் வரவு செலவுகளை ஒழுங்குசெய்யும் ஆணை அது. எடையிடும் பொருளுக்கு வாங்கும் கோல்நிறைகூலி, முகந்து அளக்கும் பொருளுக்கு வாங்கும் கால்அளவுகூலி, வட்டிக்கு விட்ட பொன், அந்த வட்டியிலிருந்து நடைபெற வேண்டிய வழிபாடுகள், பட்டுச் சாலியர் வாழும் நான்கு குடியிருப்புகள், கோயிலைக் கவனிப்போர், கணக்கு எழுதுவோர் என்று ஒவ்வொன்றாகச் செல்கிறது. சிவபக்தர் குடும்பத்து அரசன் ஒருவன் திருமால் கோயிலின் வட்டிக் கணக்கில் இவ்வளவு பொறுமையோடு அமர்ந்திருக்கிறான். படிக்கும்போது வீரமும் தெரியவில்லை, சூழ்ச்சியும் தெரியவில்லை. தராசு முள் நேரே நிற்க வேண்டும் என்று கவலைப்படும் ஒருவன் தெரிகிறான். பெயர் பொறித்த சோழர் காசுகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றுள் ஒன்று அவனுடையது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

திண்டிவனம் போய்ச் சென்னைக்குப் பேருந்து ஏறினால் வழியில் மதுராந்தகம் வரும். பேரேரியும் ஏரிகாத்த இராமரும் அந்த ஊருக்கு அடையாளம். மதுராந்தகச் சதுர்வேதிமங்கலம் என்பது பழம்பெயர். மதுராந்தகன் என்பது முதற் பராந்தகனுக்கும் வழங்கிய பெயராகையால் ஊர் இருவரில் எவருடையது என்று வழக்காடலாம். உத்தம சோழனுடையது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் பேருந்தில் உடன் வருகிறவரிடம் பெயரைச் சொன்னால், அவர் நினைவுக்கு வருபவன் மூடுபல்லக்கில் ஒளிந்து வந்தவன்தான். ஒரு புதினத்துக்கு இவ்வளவு வலிமை உண்டு.

பின்வந்தவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள்? கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். கதை முடிந்தபோதே வாசகர்கள் இவருக்கு என்ன ஆயிற்று, அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க, அவர் தனியாக ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. அதன் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். இராஜராஜன் காலத்தைப் பின்னால் பாலகுமாரன் 'உடையார்' என்று பல பாகங்களில் விரித்தார். திரைப்படத்தில் மணிரத்னம் துணிந்து ஒன்று செய்தார். 2023இல் வந்த இரண்டாம் படத்தில் ஆள் மாறாட்டமே இல்லை. சேந்தன் அமுதன் சேந்தன் அமுதனாகவே இருக்கிறான்; ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே அருள்மொழி முடி சூட்டுகிறான். கல்கி பக்தர்கள் சிலர் வருந்தினார்கள். நமக்கு அது வரலாற்றுக்கு ஓரடி நெருங்கியதாகப் பட்டது. ஆயினும் ஆசைப்பட்டவன் அரசனுக்குரிய மனிதனாக மாறுவதற்குப் படத்தில் இருந்தது சில நிமிடங்களே. கல்கியிடம் மூன்றரை ஆண்டுகள் இருந்தன என்பதை எண்ணும்போது ஏக்கம் கூடுகிறது.

அந்த மாற்றத்தை எழுதத் துணியும் எவருக்கும் பொருள் குறைவில்லை. மகன் ஆண்ட காலம் முழுவதும் செம்பியன் மாதேவி செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கிக்கொண்டிருந்தார். கோனேரிராஜபுரத்தில் கணவர் கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் உருவத்தைச் செதுக்க வைத்தது அந்தக் காலத்தில்தான். அவர் பெயரால் அமைந்த ஊரில் அவர் பிறந்த நாளைக் கொண்டாட உத்தம சோழனின் தேவியர் கொடைகள் அளித்திருக்கிறார்கள். மாமியாரின் பிறந்த நாளுக்கு மருமகள்கள் பலர் சேர்ந்து கொடை தருகிற குடும்பத்தில், தாய்க்கும் மகனுக்கும் இடையே தீராத பகை இருந்தது என்று கொள்வது கடினம். ஆசை இருந்திருக்கலாம், அதைத் தாய் விரும்பாமலும் இருந்திருக்கலாம். பிறகு இருவரும் எப்படியோ ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கற்களே காட்டுகின்றன. பழுவேட்டரையர்களும் எங்கும் ஒழிந்துபோகவில்லை. உத்தம சோழன் காலத்திலும், அவனுக்குப் பின் இராஜராஜன் காலத்திலும் பழுவூரில் சிற்றரசர்களாகக் கோயிற்பணி செய்துகொண்டிருந்தார்கள்.

உத்தம சோழனுக்கு ஒரு மகன் இருந்தான். மதுராந்தகன் கண்டராதித்தன் என்று பெயர். தந்தை பெயரும் பாட்டன் பெயரும் சேர்ந்தது. 985இல் அரியணை அவனுக்கு வரவில்லை, இராஜராஜனுக்குப் போயிற்று. அவன் படை திரட்டியதாகவோ பல்லக்கில் ஒளிந்து சென்றதாகவோ எந்தக் கல்லும் சொல்லவில்லை. இராஜராஜனின் அலுவலனாக ஊர் ஊராகச் சென்று கோயில் கணக்குகளை ஆராய்ந்து, தவறு செய்தவர்களைத் தண்டித்துக்கொண்டிருந்தான்.